இசைவுப் பதிவின் ஆயுள்

இணையத்தளம் ஒன்றைத் திறந்தவுடன் அதன் அடியிலோ நடுவிலோ ஒரு சிறு பெட்டி தோன்றி நம் இசைவை வேண்டுவதை இன்று காணாதார் இலர். 'இசைகிறேன்' என்று ஒரு பொத்தானும் 'மறுக்கிறேன்' என்று மற்றொரு பொத்தானும் அதில் இருக்கும். நம்மில் பலர் அங்கு எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. வாசலில் கிடக்கும் மிதியடியைத் தாண்டுவதுபோல ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு உள்ளே போகிறோம். அழுத்தியதையும் அப்போதே மறந்துவிடுகிறோம். ஆனால் தளத்தை நடத்துகிறவர் மறப்பதில்லை. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன வாசகத்தைக் கண்டு, இன்னின்னவற்றுக்கு இவர் இசைந்தார் என்று ஒரு குறிப்பு எங்கோ ஒரு கணிப்பொறியில் ஏறிவிடுகிறது. அக்குறிப்பை எத்தனை காலம் வைத்திருப்பது? ஆறு திங்களா, ஐந்தாண்டா, இயந்திரம் உள்ளளவுமா? இக்கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று நேயர்களிடம் சொல்ல எண்ணுகிறேன்.

பொருள் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் அதனுள் இரண்டு அச்சங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வேண்டும்போது சான்று இல்லாமற் போய்விடுமோ என்பது ஓர் அச்சம். வைத்திருக்கும் சான்றே ஒருநாள் பகையாகிவிடுமோ என்பது மற்றோர் அச்சம். முன்னதன் வரலாறு நெடியது. பின்னது நம் காலத்துக்கு அண்மையது. நான் வழக்கறிஞன் அல்லன். பழைய ஆவணங்களைப் புரட்டிப் பழகியவன். ஆதலின் பழமையிலிருந்தே தொடங்குகிறேன்.

சான்றோலையைப் பற்றித் தமிழில் பேசப் புகுந்தால் திருவெண்ணெய்நல்லூர் அவை நினைவுக்கு வராமற் போகாது. சேக்கிழார் கூறும் அக்கதை நேயர்கள் அறிந்ததே. மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை முதிய வேதியர் ஒருவர் வந்து தடுத்து, 'நீ எனக்கு அடிமை' என்று ஓலை காட்டுகிறார். ஆரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் உள்ளது என்று முதியவர் அவையில் நீட்டுகிறார். பாட்டனாரின் எழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து அவையோர் தீர்ப்புச் சொல்கிறார்கள். கதையின் பத்திச் சுவையை ஒருபுறம் வைத்துவிட்டு, ஆவணம் காப்பவனுடைய கண்ணோடு பார்த்தால், மூலமும் படியும் வேறு வேறாக இருந்தமையும், ஒத்துப் பார்க்க இன்னோர் எழுத்து காப்பில் இருந்தமையும் கருதத்தக்கவை. அவ்வவையில் எவரும் எழுப்பாத கேள்வி ஒன்றும் உண்டு. பாட்டன் எழுதிக் கொடுத்தது பேரனை இன்னமும் கட்டுமோ, அதற்குக் கெடு ஏதும் இல்லையோ என்பதே அது. வழிவழித் தொண்டு என்று ஓலையிலேயே எழுதியிருந்தமையால் கேட்க இடமில்லாமற் போயிற்றுப் போலும்!

உரோமப் பேரரசில் அக்கேள்விக்குச் சட்டமே விடை கூறிற்று. இரண்டாம் தியோடோசியுஸ் என்னும் பேரரசன் 424ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறப்பித்தான். அதுவரை கெடுவின்றிக் கிடந்த வழக்குரிமைகள் முப்பது ஆண்டோடு ஒழியும் என்பது அதன் சாரம். இந்த முப்பது என்னும் எண் ஐரோப்பாவில் வேரூன்றிய விதம் வியப்பானது. 1804இல் நெப்போலியன் காலத்தில் வெளிவந்த பிரெஞ்சுச் சிவில் சட்டத் தொகுப்பிலும் முப்பது ஆண்டு நின்றது. 1900இல் நடைமுறைக்கு வந்த செருமானியச் சட்டத் தொகுப்பிலும் பொதுக் கெடு முப்பது ஆண்டே. பிறகு காலம் விரைவாகச் சுருங்கியது. செருமனி 2002இல் அதனை மூன்று ஆண்டாகக் குறைத்தது; பிரான்சு 2008இல் ஐந்தாக்கியது. ஏறத்தாழ ஆயிரத்தறுநூறு ஆண்டுப் பழக்கம் நம் கண்முன்னேயே ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. இன்று பிரான்சிலோ செருமனியிலோ இணையத்தளம் நடத்துகிறவர் தம் இசைவுப் பதிவுகளுக்குக் காலம் குறிக்க உட்காரும்போது இந்த எண்களைத்தான் முதலில் கையில் எடுக்கிறார். காரணம் எளிது. தம்மேல் எத்தனை ஆண்டுவரை வழக்குத் தொடுக்கக் கூடுமோ அத்தனை ஆண்டுவரை சான்று வேண்டும் அல்லவா?

ஆங்கிலேயர் வழி சற்று வேறு. 1275இல் இயற்றப்பட்ட வெசுட்மின்ஸ்டர்ச் சட்டம், முதலாம் ரிச்சர்டு மன்னன் முடிசூடிய 1189ஆம் ஆண்டை ஓர் எல்லைக் கல்லாக நாட்டியது. அதற்கு முந்தியது சட்டத்தின் நினைவுக்கு அப்பாற்பட்டது என்று கொண்டார்கள். எல்லைக் கல் ஓரிடத்திலேயே நிற்க, ஆண்டுகள் நகர்ந்துகொண்டே போயின. ஆகவே கெடு ஒவ்வோராண்டும் ஓராண்டு நீண்டது! இது சரிப்படாது என்று கண்டு, எட்டாம் என்றி காலத்தில், 1540இல், ஆண்டுக் கணக்கில் வரம்பு கட்டினர். பின்னர் 1623ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தக் கடன்கள் போன்றவற்றுக்கு ஆறு ஆண்டு என்று வகுத்தது. அந்த ஆறு இங்கிலாந்தின் 1980ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்திலும் ஒப்பந்த வழக்குகளுக்கு ஆறாகவே நிலைத்தது. இலண்டனில் ஒரு நிறுவனம் தன் பதிவுகளை 'ஆறாண்டு வைப்போம்' என்று எழுதும்போது, முதலாம் ஜேம்சு மன்னனுடைய காலத்து எண் ஒன்றைத்தான் எழுதுகிறது.

நம் நாட்டுக்கு இம்முறை 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்தது. பலமுறை திருத்தி எழுதப்பட்டு 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டமாக நிலைபெற்றது. புரோநோட்டுக்கு மூன்றாண்டுக் கெடு என்பது பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் தெரிந்த சட்டம். கெடு முடியும் முன்பே கடன்காரரைத் தேடிப் போய், ஒரு சிறு தொகையையாவது வாங்கி, பத்திரத்தின் முதுகில் வரவு எழுதிக் கையெழுத்தும் பெற்றுவிட்டால் மறுபடியும் மூன்றாண்டு பிறக்கும். கடன் முழுவதும் தீர்ந்தால் பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதும், எதிரிலேயே கிழித்துப் போடுவதும் வழக்கம். வாங்கினவன் அந்தக் கிழிசலைக் கண்ணால் கண்ட பிறகே திண்ணையை விட்டு இறங்குவான். இந்தப் புரோநோட்டு நினைவில் இருக்கட்டும். பின்னால் இதனிடம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

இனி இணையத்துக்கு வருவோம். இணையத்தளமும் அதனைக் காண்கிறவரின் கணிப்பொறியும் உரையாடும் முறை, இயல்பாகவே மறதியின்மேல் கட்டப்பட்டது. ஒரு பக்கத்தைக் கேட்டவரே மறுநொடியில் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் தளத்துக்கு அவர் புதியவரே. கடைத்தளங்களுக்கு இது பெருந்தொல்லையாயிற்று. கூடையில் ஒரு பொருளை இட்டவர் பணம் கட்ட வரும்போது யாரோ எவரோ ஆகிவிட்டால் வாணிகம் எங்ஙனம் நடக்கும்? 1994இல் நெட்சுகேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு குறிப்பை வருகிறவருடைய கணிப்பொறியிலேயே எழுதி வைக்கும். அடுத்த முறை அவர் வரும்போது அக்குறிப்பைத் திருப்பி வாங்கிப் பார்த்து இன்னார் என்று தெரிந்துகொள்ளும். குக்கி என்று இதற்குப் பெயரிட்டார்கள். கூடைக்காகப் பிறந்த குக்கி விரைவிலேயே விளம்பரக்காரரின் கையில் ஒற்றனாயிற்று. ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களில் குக்கி வைத்தால், ஒருவர் எங்கெங்கே போகிறார், எதைப் படிக்கிறார், எந்த நோய்க்கு மருந்து தேடுகிறார் என்பதெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஒரு நெறியாணையின் மூலம் இதனை மறுக்கும் உரிமையை மக்களுக்கு அளித்தது. 2009இல் அதனைத் திருத்தி, மறுக்கும் உரிமை போதாது, முன்கூட்டியே இசைவு பெறவேண்டும் என்றது. 2016 ஏப்ரல் 27இல் நிறைவேறி 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுக் காப்புச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. இசைவு பெற்றதாகச் சொல்கிறவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று அதன் ஏழாம் உறுப்பு விதித்தது. அன்றுதான் இசைவுப் பதிவு என்னும் ஆவணவகை முழு உருவோடு பிறந்தது எனலாம். அதே சட்டத்தின் ஐந்தாம் உறுப்பு, தனிமனிதத் தரவு எதனையும் அதன் நோக்கத்துக்கு வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்கிறது. ஓர் உறுப்பு 'வை' என்கிறது. மற்றோர் உறுப்பு 'வைக்காதே' என்கிறது. இரண்டுக்கும் நடுவே இத்தனை ஆண்டு என்று ஓர் எண்ணைத் தேடினால் அச்சட்டத்தில் அது இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அவரவர் நோக்கத்துக்கு ஏற்ப அவரவர் காலம் குறித்து, அதற்குக் காரணமும் சொல்லவேண்டும் என்பது அதன் போக்கு.

மெய்ப்பித்தல் என்பது எத்துணைக் கடினம் என்பதை இரண்டு வழக்குகள் காட்டின. செருமனியில் பிளானெட்49 என்னும் நிறுவனம் 2013 செப்டம்பரில் இணையவழிப் பரிசுப்போட்டி ஒன்றை நடத்தியது. அதன் நுழைவுப் படிவத்தில் குக்கிகளுக்கு இசைவு தருவதாகச் சொல்லும் கட்டத்தில் முன்னதாகவே குறியிட்டு வைத்திருந்தார்கள். வேண்டாதவர் குறியை நீக்க வேண்டும். நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2019 அக்டோபர் 1இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், முன்னரே குறியிட்ட கட்டம் இசைவாகாது என்று தீர்த்தது. குக்கி எத்தனை காலம் இயங்கும் என்பதையும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றது. மற்றொன்று உருமேனிய வழக்கு. தொலைபேசி நிறுவனம் ஒன்று வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களைப் படியெடுத்து வைத்திருந்தது. அதற்கு இசைந்ததாகக் கையொப்பமிட்ட ஒப்பந்தங்களும் அதனிடம் இருந்தன. ஆனால் இசைவுக் கட்டத்தில் குறியிட்டவர்கள் விற்பனையாளர்கள். மறுக்க விரும்பியவரோ தம் கைப்பட மறுப்பு எழுதித்தர வேண்டியிருந்தது. 2020 நவம்பர் 11இல் வெளிவந்த தீர்ப்பில், இத்தகைய ஒப்பந்தம் இசைவுக்குச் சான்றாகாது என்று நீதிமன்றம் கூறியது. கட்டுக் கட்டாகக் காகிதம் பேணி வைத்தும் பயனில்லை. கையெழுத்து இருந்தது, இசைவு இல்லை.

இவ்வளவு நுணுக்கம் ஏன், ஒரு பதிவு கூடுதலாகச் சில ஆண்டு கிடந்தால் என்ன கெட்டுவிடும் என்று நேயர்கள் கேட்கலாம். ஐரோப்பியர் இக்கேள்விக்கு விடையாக ஒரு நகரத்தைக் காட்டுவர். அது ஆம்சுடர்டாம்.

நெதர்லாந்து நாட்டில் மக்கள் பதிவேடு மிகச் செம்மையாகப் பேணப்பட்டு வந்தது. பெயர், பிறப்பு, முகவரி, சமயம் என எல்லாம் அட்டை அட்டையாக அடுக்கப்பட்டிருந்தன. தீய எண்ணம் எதுவும் அதில் இல்லை. ஒழுங்கான நகராட்சி செய்யும் ஒழுங்கான பணிதான். மக்களும் கேட்டதற்கு மறுப்பின்றி விடை சொன்னார்கள். 1940 மே மாதத்தில் இட்லரின் படை நாட்டைப் பிடித்தது. அதுவரை அலமாரியில் உறங்கிய அட்டைகள் விழித்துக்கொண்டன. யூதர் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தேடி அலையவேண்டிய வேலை பகைவனுக்கு இல்லாமற் போயிற்று. 1943 மார்ச் 27 இரவு, வில்லெம் அரோண்டேயஸ் என்னும் ஓவியரும் கெரித் வான் டேர் வேன் என்னும் சிற்பியும் முன்னின்ற ஒரு சிறு குழு, காவலர் உடையில் ஆம்சுடர்டாம் பதிவகத்துக்குள் நுழைந்து, காவலில் இருந்தவர்களை மயக்கி, உயிர்ச்சேதம் நேராதபடி அப்புறப்படுத்திவிட்டு, கட்டடத்துக்கு வெடிவைத்துத் தீ மூட்டியது. எனினும் அட்டைகளில் ஒரு பகுதியே அழிந்தது. நெருங்க அடுக்கிய காகிதம் எளிதில் எரிவதில்லை என்பதை ஆவணக் காப்பாளர் அறிவர். அரோண்டேயஸ் உட்படப் பன்னிருவர் 1943 ஜூலை 1இல் சுட்டுக் கொல்லப்பட்டனர். நெதர்லாந்திலிருந்த ஏறத்தாழ 1,40,000 யூதரில் நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் அப்போரில் மாண்டனர். ஓவியமும் சிற்பமும் வல்ல கலைஞர்கள், பதிவேட்டை அழிப்பதற்காக உயிர் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது, ஆவணங்களையே காத்துப் பழகிய என் போன்றோருக்கு நெஞ்சு ஒரு கணம் தடுமாறுகிறது.

போருக்குப் பின் ஐரோப்பாவில் எழுந்த தரவுக் காப்புச் சட்டங்களின் பின்னணியில் இந்நினைவு உண்டு. செருமனியின் எசன் மாநிலம் 1970இல் உலகின் முதல் தரவுக் காப்புச் சட்டத்தை இயற்றியது. 1983இல் மேற்குச் செருமனி அரசு குடிமதிப்பு எடுக்க முற்பட்டபோது மக்கள் பெருந்திரளாக எதிர்த்தனர். அவ்வாண்டு டிசம்பர் 15இல் அந்நாட்டு அரசியற் சட்ட நீதிமன்றம், தன்னைப் பற்றிய செய்தி எவரிடம் போகலாம் என்று முடிவு செய்யும் உரிமை தனிமனிதருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. எவர் என்ன அறிவார் என்று தெரியாத நிலையில் மனிதன் தன் உரிமைகளையே துணிந்து பயன்படுத்த மாட்டான் என்ற கருத்து அத்தீர்ப்பில் உள்ளது. இசைவுப் பதிவுக்குக் காலம் குறிக்கும் வேலை சில்லறை அலுவலாகக் கருதப்படாமைக்குக் காரணம் இதுவே.

இனி எண்களைப் பார்ப்போம். இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. இசைவு எத்தனை காலம் செல்லும் என்பது ஒரு கேள்வி. இசைந்ததற்கான சான்றை எத்தனை காலம் வைப்பது என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குப் பல நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் விடை கூறியுள்ளன. பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் 2020இல், வருகையாளரின் விருப்பத்தை ஆறு திங்கள் நினைவில் வைத்திருந்து பின்னர் மீண்டும் கேட்பது நன்முறை என்றது. அயர்லாந்தின் ஆணையமும் அதே ஆண்டில் ஆறு திங்களையே பரிந்துரைத்தது. இத்தாலி 2021இல், ஒருமுறை கேட்டபின் ஆறு திங்களுக்குள் மறுபடி பெட்டியைக் காட்டி நச்சரிக்கலாகாது என்றது. எசுப்பானியம் மட்டும் தாராளமாக 24 திங்கள் வரை செல்லும் என்றது. இவையெல்லாம் இசைவின் ஆயுள். சான்றின் ஆயுள் அல்ல. ஆறு திங்கள் என்ற சொல்லைக் கேட்டவுடன் பதிவையும் ஆறு திங்களில் அழித்துவிட்டு, ஏழாம் திங்களில் வந்த புகாருக்கு விடை சொல்லக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது பெரும் பேதைமை.

சான்றைப் பற்றி ஐரோப்பியத் தரவுக் காப்பு வாரியம் 2020 மே மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு தெளிவானது. தரவைக் கையாளும் வேலை நடக்கும்வரை மெய்ப்பிக்கும் கடமை உண்டு; வேலை முடிந்தபின், சட்டக் கடமைக்கோ வழக்கில் எதிர்வாதம் செய்வதற்கோ இன்றியமையாத அளவுக்கு மேல் சான்றை வைக்கலாகாது. ஆகவே காலம் எண்ணத் தொடங்குவது இசைந்த நாளிலிருந்து அன்று. இசைவு முடிந்த நாளிலிருந்து. 2024 ஜனவரியில் இசைந்து ஜூலையில் ஒருவர் இசைவை மீட்டுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக் கெடு உள்ள நாட்டில் கணக்கு அந்த ஜூலைக்குப் பின்னரே தொடங்கும்.

இம்முறை நம் அரசு அலுவலகங்களுக்குப் புதிதன்று. சென்னை மாகாணக் காலம் முதலே, ஒரு கோப்பு முடியும்போது அதன் எண்ணோடு ஒரு குறியும் சேர்ப்பார்கள். எல்.டிஸ். என்றால் ஓராண்டில் அழிக்கலாம், கே.டிஸ். என்றால் மூன்றாண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் நிலையாக வைக்கவேண்டும். கோப்பு திறந்த நாளில் இக்குறி பிறப்பதில்லை. முடித்துக் கட்டும் நாளில் பிறக்கிறது. பதிவறை எழுத்தர் ஒருவருக்குத் தெரிந்த இந்த நுட்பத்தைக் கணிப்பொறி நிறுவனங்கள் பலவும் தாமதமாகவே கற்றுக்கொண்டன.

எண்ணைச் சட்டத்திலேயே எழுதிய நாடும் உண்டு. தொலைபேசி விளம்பரத் தொல்லையால் சலித்துப்போன செருமனி, முறையற்ற போட்டிக்கு எதிரான தன் சட்டத்தில் 2021 அக்டோபர் 1 முதல் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. தொலைபேசி விளம்பரத்துக்கு நுகர்வோர் தந்த இசைவின் சான்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். அந்த இசைவைப் பயன்படுத்தி அழைக்கும் ஒவ்வொரு முறையும் ஐந்தாண்டு புதிதாகத் தொடங்கும். தவறினால் 50,000 யூரோ வரை தண்டம். நேயர்களுக்கு இங்கே புரோநோட்டின் முதுகில் எழுதும் வரவு நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே அறிவின் பயன். ஆனால் ஒரு வேறுபாடு காணவேண்டும். ஆண்டுதோறும் ஒருமுறை அழைத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பதிவுக்கு முடிவே வராது.

பதிவே பகையாகும் என்ற அச்சத்துக்கு இணைய உலகிலேயே ஒரு சான்று கிடைத்தது. ஐரோப்பிய விளம்பரத் துறையினரின் அமைப்பு ஒன்று, வருகையாளரின் இசைவையும் மறுப்பையும் ஓர் எழுத்துச் சரமாகக் குறியிட்டு, நூற்றுக்கணக்கான விளம்பர நிறுவனங்களுக்கு ஒரே நொடியில் தெரிவிக்கும் முறையை வகுத்திருந்தது. மக்களின் விருப்பத்தை மதிப்பதற்காகவே அச்சரம் பிறந்தது. பெல்சியத் தரவுக் காப்பு அமைப்பு 2022 பிப்ரவரி 2இல், அச்சரமே தனிமனிதத் தரவு என்று முடிவு செய்து, அவ்வமைப்புக்கு 2,50,000 யூரோ தண்டம் விதித்தது. வழக்கு மேலே சென்றது. 2024 மார்ச் 7இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும், கணிப்பொறியின் இணைய முகவரி போன்றவற்றோடு சேர்த்துப் பார்த்து ஒருவரை இன்னார் என்று அறியக் கூடுமாயின் அச்சரம் தனிமனிதத் தரவே என்று கூறியது. 'என்னைப் பின்தொடராதே' என்று ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்தே அவரைப் பின்தொடரலாம் என்றால், அந்தச் சீட்டையும் காலம் பார்த்துக் கிழிக்கத்தானே வேண்டும்?

இவ்விடத்தில் பிரெஞ்சு ஆணையம் காட்டிய ஒரு வழி என் மனத்துக்கு மிகவும் உகந்தது. இசைவை மெய்ப்பிக்கத் தனிமனிதரைப் பற்றிய குறிப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டுவதில்லை. இசைவு கேட்கும் பெட்டி எந்த நாளில் எந்த வடிவில் இருந்தது என்று நாள் குறித்துப் படம் எடுத்து வைக்கலாம்; அதனை இயக்கிய நிரலின் ஒவ்வொரு வடிவத்தையும் மூன்றாமவர் ஒருவரிடம் ஒப்படைத்து வைக்கலாம்; முறையாக இயங்குகிறதா என்று அவ்வப்போது தணிக்கை செய்து அறிக்கையைப் பேணலாம். இவற்றில் எவருடைய பெயரும் இல்லை. எத்தனை ஆண்டு வைத்தாலும் எவருக்கும் தீங்கில்லை. திருவெண்ணெய்நல்லூரில் ஒப்பிட்டுப் பார்க்கக் காப்பிலிருந்து வந்த அந்த வேறோர் ஓலையின் இடத்தில் இவை நிற்கும். தனிமனிதரைச் சுட்டும் பகுதியை மட்டும் சிறிதாக வைத்து, தனியே பூட்டி, கெடு வந்ததும் அழித்துவிடலாம். நீண்ட நாள் வைக்க வேண்டியதையும் விரைவில் அழிக்க வேண்டியதையும் ஒரே பேழையில் போட்டு மூடுவதால்தான் தொல்லை விளைகிறது.

இந்தியாவில் 2017 ஆகஸ்டு 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையென்று தீர்த்தது. 2023 ஆகஸ்டில் மின்னியல் தனிமனிதத் தரவுக் காப்புச் சட்டம் நிறைவேறியது. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியற் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது அச்சட்டம். ஆகவே தமிழிலும் கேட்டுப் பெறலாம். இசைவு பெற்றதை மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தரவை வாங்கியவர்மேலேயே அதுவும் சுமத்தியிருக்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகள், இசைவு மேலாளர் என்னும் ஒரு புதிய இடையாளரைக் குறித்து, இசைவும் மறுப்பும் மீட்பும் அவற்றுக்கு முன் காட்டிய அறிவிப்பும் ஆகியவற்றின் பதிவை அவர் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று வகுத்தன. எல்லா விதிகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வருவதில்லை. ஓராண்டும் ஒன்றரை ஆண்டுமாகத் தவணை வைத்திருக்கிறார்கள்.

ஏழு ஆண்டு மிகுதி என்று சிலர் குறை கூறுகிறார்கள். நான் அங்ஙனம் கருதவில்லை. அப்பதிவைக் குடிமகன் தானே பார்க்கலாம்; கணிப்பொறி படிக்கும் வடிவில் கேட்டும் வாங்கலாம். அஃதாவது, அது வாங்கினவனுடைய பெட்டியில் மட்டும் கிடக்கும் பத்திரமன்று. கொடுத்தவனும் எடுத்துப் பார்க்கக்கூடிய பத்திரம். எவருடைய கையில், எவருடைய நன்மைக்காக இருக்கிறது என்று பாராமல் ஆண்டுகளை மட்டும் எண்ணுவதில் பொருளில்லை. ஆனால் அந்த ஏழை எடுத்துக்கொண்டு, ஒரு சிறு கடையின் தளமும் தன் வருகையாளரின் குக்கிப் பதிவுகளை ஏழாண்டு வைக்க வேண்டும் என்று சொல்வாரும் உளர். விதி இசைவு மேலாளரைப் பற்றியது, கடைக்காரரைப் பற்றியதன்று.

மறுத்தவர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். 'வேண்டாம்' என்று அழுத்தியவரையும் நினைவில் வைக்காவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் அவரிடம் மீண்டும் மீண்டும் கேட்க நேரும். நினைவில் வைத்தால், மறதியை வேண்டியவரை மறக்காமல் வைத்ததாகும். இதற்குத் தளங்கள் கைக்கொள்ளக்கூடிய வழி ஒன்று, 'மறுத்தார்' என்ற ஒரு குறியை மட்டும், பெயரோ தனி எண்ணோ இல்லாமல், அவருடைய கணிப்பொறியிலேயே எழுதி வைப்பது. தளத்தின் ஏட்டில் அவரைப் பற்றி ஒன்றும் இராது. ஆறு திங்கள் ஆனதும் அக்குறி தானே அழியும். அவரே முன்னதாகத் துடைத்துவிட்டாலும் அழியும். பெட்டி மறுபடியும் தோன்றும். அவரும் மறுபடியும் 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்.